ஒரு சதவீதக் காற்று

“கதவை மூடு!” என்று நான் கத்தாத நாளில் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது. என் பெயரை எல்லோரும் மறந்தாயிற்று. ‘கதவு அக்கா’ என்றால்தான் தெரியும். வாசல் காவலாளிகூட வருகைப் பதிவில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு வருஷமாக நான் பார்த்துக்கொள்கிற அறை அப்படிப்பட்டது.

அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு எட்டு வைத்தால் அந்தச் சுவர், மூன்று எட்டு வைத்தால் இந்தச் சுவர். ஜன்னல் கிடையாது. இரும்புத் தட்டுகளில் வரிசையாகச் சின்னச் சின்னத் தொட்டிகள், அவற்றுக்கு மேலே கண்ணைக் குத்துகிற வெள்ளை விளக்குகள். தொட்டிகளில் ஒரு சாண் உயரத்துக்குச் செடிகள். தெரியாதவர்கள் பார்த்தால் களை என்று பிடுங்கி எறிந்துவிடுவார்கள். ஆனால் அவை வெளிக்காற்றில் பிழைக்காத செடிகள். வெளியே பத்தாயிரம் பங்கு காற்றில் கரியமில வாயு நாலு பங்குதான் இருக்கும். எங்கள் அறையில் நூற்றுக்கு ஒரு பங்கு. அந்த ஒரு சதவீதம் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம்.

ஏன் அப்படி என்று எனக்குச் சொன்னவள் குட்டி டாக்டர். அந்தச் செடிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிற பெண். டாக்டர் பட்டம் இன்னும் வாங்கவில்லை, வாங்கத்தான் இவ்வளவு பாடும். வந்த முதல் வாரமே என்னைப் பிடித்து உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

“அக்கா, இலைக்குள்ள பச்சைப் பொட்டு மாதிரி ஒண்ணு இருக்கு, பசுங்கணிகம்னு. அதுக்குள்ள ஒரு நொதி. காத்துல இருக்கற கரியமில வாயுவைப் புடிச்சுச் சர்க்கரையா மாத்தறதுக்கு முதல் கை வைக்கறது அதுதான். நீங்க சாப்பிடறது, உடுத்தறது, உக்காந்திருக்கற மர நாற்காலி, எல்லாமே அது புடிச்சதுதான்.”

“பரவால்லையே, நல்ல வேலைக்காரன்தான்.”

“நீங்கதான் மெச்சிக்கணும். ஒரு செகண்டுக்கு மூணு புடிச்சா பெரிசு. மத்த நொதியெல்லாம் ஆயிரக்கணக்குல ஓடும். அதுகூடப் போகட்டும், இதுக்கு ஆள் அடையாளமும் சரியாத் தெரியாது. கரியமில வாயுன்னு நெனச்சு நடுநடுவுல ஆக்ஸிஜனைப் புடிச்சுரும். அப்படிப் புடிச்சா உள்ள விஷம் மாதிரி ஒண்ணு சேரும்.”

“அப்ப ஊர்ல இருக்கற செடியெல்லாம் செத்திருக்கணுமே?”

“அதைச் சுத்தம் பண்ண வேற நொதிங்க இருக்கு. நம்ம செடியில அதுல ஒண்ணு கிடையாது. அது இல்லாம என்ன ஆகும்னு பாக்கறதுக்காக நாமளே இல்லாம பண்ணிட்டோம். அதனால கரியமில வாயுவை அள்ளிக் கொடுத்தாத்தான் ஆக்ஸிஜன் பக்கம் அதோட கை போகாது. கதவைத் திறந்துபோட்டீங்கன்னா…” என்று சொல்லிக் கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். “வெளிச்சத்துல மட்டும்தான் இந்தத் தொல்லை. இருட்டுல அந்த நொதி தூங்கிரும், ஒண்ணும் ஆகாது.”

அப்போது சிரித்தோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோடு நிஜமாகவே விழுந்தது. யாரோ ஒருவன் கதவைச் சரியாகச் சாத்தாமல் விடுமுறைக்குக் கிளம்பிப்போய்விட்டான். நாலாம் நாள் காலையில் நான் வந்து திறந்தால், அத்தனை செடியும் வெளிறிக்கிடந்தது. குட்டி டாக்டர் மாடிப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒன்றரை வருஷ உழைப்பு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவே இல்லை. அந்தப் பயத்தைத்தான் நான் கோபமாக மாற்றி எல்லோர் தலையிலும் கொட்டிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது பொறுப்பு என்று நினைத்திருந்தேன்.

கதவில் தானாக மூடுகிற ஸ்பிரிங் ஒன்று போடச்சொன்னேன். போட்டது எங்கள் வீட்டுக்காரர்தான். அதே வளாகத்தில் அவர் ஏசி மெக்கானிக். குளிர்பெட்டி, காற்றாடி, கம்ப்ரசர், எது முனகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல கைக்காரர், வாய் மட்டும் கிடையாது. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவதால் அவருக்கு அது தேவைப்படவில்லை என்று என் தம்பி கிண்டல் செய்வான். வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு எதை எடுக்க வந்தோம் என்று யோசித்துக்கொண்டு நிற்பார். “என்னங்க, ஃப்ரிட்ஜுக்குள்ள படமா ஓடுது?” என்று நான் ஆரம்பித்தால் படக்கென்று சாத்திவிட்டு வெறும் கையோடு போய்விடுவார். இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

அன்றைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் வந்ததுமே அறைக்குள் காற்றாடி கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அறையின் மூலையில், தரையோடு தரையாக இருக்கிற காற்றாடி அது. கரியமில வாயு வருகிற கேஸ் குழாய் அதன் வாயிலேயேதான் முடியும். அது சுற்றினால்தான் கேஸ் மேலே ஏறி அறை முழுக்கக் கலக்கும். கேஸின் அளவைப் பார்க்கிற சென்சார் மேலே, கூரை ஓரத்தில் இருக்கிறது. காற்றாடி நின்றுபோனால் மேலே இருக்கிற சென்சாருக்குக் கீழே என்ன நடக்கிறதென்றே தெரியாது.

குட்டி டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. நாற்பத்தோரு செடி. செத்துப்போன கூட்டத்துக்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, மூன்றாம் தலைமுறை வரைக்கும் கொண்டுவந்திருந்தாள். காய்கள் பழுத்துக்கொண்டிருந்தன, இன்னும் நாலு நாளில் விதை.

“அக்கா, நாலே நாள். எப்படியாவது…”

“நான் இருக்கேன்ல. போய் உன் வேலையப் பாரு.”

அவள் இலைகளை அரைத்து நொதி எடுக்கிற குளிரறைக்குப் போனாள். நான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டனுப்பினேன். வந்து காதைச் சாய்த்துக் கேட்டார்.

“பேரிங் போயிருச்சும்மா. கழட்டி மாத்தணும். அரை மணி நேரம் காத்தாடிய நிறுத்தணும்.”

“அரை மணி நேரமா? சீக்கிரம் முடியாதா?”

“இருபது நிமிஷம் பாக்கறேன்.”

காற்றாடியை நிறுத்தினால் கேஸையும் நிறுத்த வேண்டும். இது விதி. நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. கேஸை நிறுத்தினால் விளக்கையும் அணைத்துவிட வேண்டும், அப்போதுதான் செடிகள் இருட்டில் சும்மா கிடக்கும். இருபது நிமிஷ இருட்டில் அவற்றுக்கு ஒரு கேடும் வராது. எனக்கு இதெல்லாம் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் விளக்கை அணைத்தால் இவர் எப்படி வேலை பார்ப்பார்? கண்ணாடி போட்டும் அவருக்குக் கிட்டப் பார்வை தடுமாறுகிறது, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு திருகாணி தேடுவார். விளக்கு எரியட்டும் என்று நினைத்தேன். விளக்கு எரிந்தால் செடிக்குக் கேஸ் வேண்டும். இருபது நிமிஷம்தானே, கேஸும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் நான் எடுத்த முடிவு அவ்வளவுதான். ஒரு நொடிகூட ஆகவில்லை.

“சும்மா சும்மா கதவைத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன். சாமானெல்லாம் ஒரே தடவையா எடுத்துட்டுப் போங்க. அப்புறம் ஸ்பேனர மறந்துட்டேன், துணிய மறந்துட்டேன்னு வெளிய வந்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

“சரிம்மா.”

“வேலை முடியற வரைக்கும் கதவு திறக்கவே கூடாது.”

“சரிம்மா, சரி.”

பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பை இடித்து, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்ட ஏணி இடித்து, நுழையவே கொஞ்ச நேரம் பிடித்தது. நான் “ம்… ம்…” என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன். கதவு சாத்திக்கொண்டது.

சிலிண்டரும் மீட்டரும் அறையின் பின்பக்கம், ஓர் ஒடுக்கமான நடையில் இருக்கின்றன. அங்கிருந்து கதவைப் பார்க்க முடியாது. கட்டடத்தைப் பாதி சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். நான் மீட்டர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எப்போதும் 1.0 காட்டுகிற எண், அவர் நுழைந்ததில் 0.8 ஆகியிருந்தது. சரி, ஏறிவிடும் என்று பார்த்தேன். ஐந்து நிமிஷம் கழித்து 0.7. இயந்திரம் தன்பாட்டுக்கு வால்வைத் திறந்து திறந்து கேஸ் விட்டுக்கொண்டுதான் இருந்தது, டிக் டிக்கென்று கேட்டது. எண் ஏறவில்லை.

கண்ணுக்கு முன்னால் அந்த வெளிறிய செடிகள் வந்துவிட்டன. மாடிப்படியில் குட்டி டாக்டர் உட்கார்ந்திருந்ததும் வந்துவிட்டது. கையால் திருப்புகிற வால்வு ஒன்று தனியாக உண்டு, அவசரத்துக்கு. அதைப் பாதி திறந்தேன். குழாயில் கேஸ் சீறிக்கொண்டு போனது. 0.7. முழுசாகத் திறந்தேன். சிலிண்டர் முள் கண்ணெதிரே இறங்கியது, குழாய் மேல் பனி பூத்தது. மீட்டரில் 0.6.

இவ்வளவு கேஸ் விட்டும் எண் இறங்குகிறது என்றால் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. இந்த மனுஷன் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். காற்று வேண்டும் என்றோ, ஏணியை நீட்டிப் போடவோ, கதவைத் திறந்து முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு ஆற அமர வேலை பார்க்கிறார். அவ்வளவு சொல்லியும்! எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், அவர் உள்ளே போய் இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. வால்வை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். நடை முழுக்க வாய்க்குள் வசனம் தயார் செய்துகொண்டே போனேன். ‘உங்களுக்கு ஒரு தடவை சொன்னா ஏறாதா? உங்க வீட்டுச் செடியா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?’ இப்படியெல்லாம்.

திரும்பினேன். கதவு சாத்தியிருந்தது.

நன்றாக, இறுக்கமாக, ரப்பர் ஓரம்கூட மடங்காமல் சாத்தியிருந்தது. நான் சொன்னபடியே.

ஒரு கணம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. கேஸ் வெளியே போகவில்லை. சென்சார் இருக்கிற உயரத்துக்கு ஏறவும் இல்லை. காற்றாடி ஓடவில்லை, யார் அதை மேலே தூக்குவது? கரியமில வாயு காற்றைவிடக் கனம். அத்தனையும் குழாய் வாயிலிருந்து இறங்கித் தரையிலேயே தேங்கியிருக்கிறது. தரையில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

கதவில் ஒரு கை அகலத்துக்குக் கண்ணாடி உண்டு. முகத்தை வைத்துப் பார்த்தேன். விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தது, செடிகள் எல்லாம் பச்சைப்பசேல் என்று நின்றன. அவர் மூலையில் காற்றாடிக்குப் பக்கத்தில் தட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் நீட்டியிருந்தது. தாடை நெஞ்சில் இடித்திருந்தது. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிப்போனால் அப்படித்தான் இருப்பார்.

“என்னங்க!”

கதவுக் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளங்கையால் அடித்தேன். அசையவில்லை.

அதற்கப்புறம் நான் செய்ததை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே பாய்ந்தேன். பாய்ந்தவள், பின்னால் கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினேன். ஆமாம். ஸ்பிரிங் மூடுகிற அந்த மூன்று நொடிகூடப் பொறுக்காமல் நானே இழுத்துச் சாத்துவது என் வழக்கம். என் புருஷன் செத்துக்கொண்டிருக்கிறார், என் கை கதவைச் சாத்துகிறது. ‘டப்’ என்ற சத்தம் கேட்ட பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது.

குனிந்து அவர் அக்குளில் கை கொடுத்தேன். குனிந்த மறுகணமே மூக்கில் சோடா ஏறினாற்போல் சுரீரென்றது. நாக்கில் புளிப்பு. மூச்சை இழுக்க இழுக்கப் போதவில்லை, ஓடி வந்தவளுக்கு வாங்குகிற மாதிரி மார்பு தானாக அடித்துக்கொண்டது. காதுக்குள் என் இதயம் இடித்தது. அவர் நெற்றி வேர்வையில் நனைந்திருந்தது, முகம் சிவந்துபோயிருந்தது. கனம், அப்படி ஒரு கனம். ஒரு இழுப்புக்கு ஒரு சாண்தான் நகர்ந்தார். விளக்குகள் ஒன்றுக்கு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தன. இரண்டு பேரும் இங்கேயே போய்விடுவோம், ஹாஸ்டலில் இருக்கிற மகனுக்கு யார் போன் பண்ணுவார்கள் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

அவரை விட்டுவிட்டு எழுந்து கதவைத் தள்ளினேன். திறந்தது. வெளிக்காற்று முகத்தில் பட்டது. கையை எடுத்தேன், ஸ்பிரிங் மறுபடி மூட ஆரம்பித்தது. முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும். ஏணி உள்ளே கோடியில் இருந்தது, பை அவருக்கு அந்தப் பக்கம். என் கைக்கு எட்டியது ஒன்றே ஒன்று. தட்டில் முதல் வரிசையில் ஒன்பது தொட்டிகளோடு இருந்த செடித் தட்டம்.

இழுத்தேன். தொட்டியும் மண்ணும் செடியுமாக நிலைப்படியில் போட்டுக் கதவை அதன் மேல் விட்டேன். கதவு வந்து தட்டத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. காய்கள் நசுங்குகிற சத்தம்கூடக் கேட்டது, அல்லது கேட்டதாக நினைக்கிறேன். அப்போது எனக்கு அந்தச் செடிகள் மேல் ஒரு துளி இரக்கம் வரவில்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பப் போனேன், இழுத்தேன், வாசலுக்கு வந்து மூச்சு வாங்கினேன், திரும்பப் போனேன். மூன்றாவது தடவை அவர் செருப்பு கழன்று போனது. நாலாவது தடவை அந்தச் செடிகள் மேலேயே அவரை இழுத்துக்கொண்டு நடைக்கு வந்து விழுந்தேன்.

“யாராவது வாங்களேன்! ஐயோ, யாராவது வாங்க!”

பன்னிரண்டு வருஷமாக நான் கத்திக் கேட்டுப் பழகின கட்டடம் அது. கதவு அக்கா கத்துகிறாள் என்றால் யாருக்கும் தலையைத் தூக்கத் தோன்றாது. நான் கத்தினேன், கத்தினேன், ஒருவரும் வரவில்லை. நடையின் இரண்டு பக்கமும் அறைகள், எல்லாவற்றிலும் ஆள் இருந்தார்கள், ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசியில் குட்டி டாக்டர்தான் குளிரறையிலிருந்து வெறுங்காலோடு ஓடிவந்தாள். வந்தவள் முதலில் பார்த்தது வாசலில் நசுங்கிக் கிடந்த தட்டத்தை. அடுத்து அவரைப் பார்த்தாள். செடிகளைத் தாண்டிக் குதித்து வந்து அவர் தாடையைத் தூக்கிப் பிடித்தாள்.

“மூச்சு இருக்குக்கா. இருக்கு. கேஸ், அக்கா, கேஸை யார் மூடினாங்க?”

யாரும் மூடவில்லை. பின்னால் அது பாட்டுக்குச் சீறிக்கொண்டுதான் இருந்தது. அவள்தான் ஓடிப்போய் மூடினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் கைகளில் மண் காய்ந்துபோயிருந்தது. குட்டி டாக்டர் பக்கத்திலேயே இருந்தாள். “செடி…” என்று நான் வாயெடுத்தேன். “இருக்கறது போதும்க்கா, முப்பத்தி ரெண்டு இருக்கு, விளக்கை அணைச்சுட்டு வந்திருக்கேன், நீங்க சும்மா இருங்க” என்றாள். உள்ளே போகிற ஒவ்வொரு வெள்ளைக் கோட்டும் வெளியே வந்து என்ன சொல்லப்போகிறதோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் திறந்த வால்வு. நான் இழுத்துச் சாத்திய கதவு. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவர் கண் திறந்தார். தலை வெடிக்கிறது என்றார், தண்ணீர் கேட்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், விரல்களை எண்ணச் சொன்னார்.

“தப்பிச்சீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகியிருந்தா சொல்ல முடியாது. ஒண்ணு கேக்கறேன், திடீர்னு மயக்கம் வந்திருக்காது. முதல்ல தலை வலிச்சிருக்கும், மூச்சு வாங்கியிருக்கும். உடனே ஏன் வெளிய வரல?”

அவர் பதில் சொல்வதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

“கதவு ஒட்டிக்கிச்சு டாக்டர். தள்ளிப் பார்த்தேன், வரல.”

எனக்குச் சுரீரென்றது. அந்தக் கதவு ஒட்டாது. உள்ளேயிருந்து முழங்கையால் தொட்டாலே திறக்கிற கதவு. இரண்டு கையும் தொட்டியோடு இருக்கிறவர்களுக்காக அப்படிச் செய்தது. செய்தவர் அவரேதான். அன்றைக்கு நான் தள்ளினபோது திறந்ததே! டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கேட்கவில்லை. பேசுவதற்கே பிறந்தவள் நான், அவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மதியம் வளாகத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒரு படிவத்தோடு வந்தார். நல்ல மனுஷன். யாருக்கும் சங்கடம் வரக்கூடாது என்று நினைக்கிறவர். கட்டில் ஓரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கதவு ஒட்டிக்கிச்சுன்னு டாக்டர் எழுதியிருக்காரு. நானும் அதையே எழுதிடறேன். புதுக் கதவு போடச் சொல்லிடலாம். யார் மேலயும் தப்பு வராது. சரிதானே?”

“சரி சார்” என்றார் எங்கள் வீட்டுக்காரர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவர் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொன்னால் அது அப்படித்தான் துடிக்கும். எனக்குப் பயமாக இருந்தது. நேற்று அந்த அறையில் இருந்ததைவிட அதிகப் பயம். வாயை மூடிக்கொண்டிருந்தால் புதுக் கதவு வரும், எல்லாம் சரியாகிவிடும், நான் மறுபடியும் கதவு அக்காவாகவே இருக்கலாம். அடுத்த தடவை யாரோ ஒருவர் உள்ளே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“கதவு ஒட்டல சார்” என்றேன்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார்.

“காத்தாடி நின்னப்ப கேஸை மூடியிருக்கணும். நான்தான் மூடல. அது போதாதுன்னு கை வால்வை முழுசாத் திறந்து விட்டதும் நான்தான். மீட்டர் இறங்குதுன்னு திறந்தேன். அதை எழுதிக்கோங்க. கதவுல ஒரு குறையும் இல்ல. போன வாரம்தான் எண்ணெய் போட்டேன்.”

“ஏம்மா, சும்மா இரு” என்றார் இவர்.

“சரிங்க, அதெல்லாம் எழுதிக்கறேன்” என்றார் அதிகாரி, சங்கடமாக. “ஆனா கதவு நல்லா இருந்துச்சுன்னா இவரு ஏன் திறக்கல? அதுக்குக் காரணம்னு இங்க ஒரு கட்டம் இருக்கு. அதுல நான் என்ன எழுதறது?”

“பயம்னு எழுதுங்க.”

“பயமா? எதுக்குப் பயம்?”

“எனக்குப் பயந்துகிட்டுத் திறக்கல சார். திறந்தா நான் கத்துவேன்னு.”

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். கதவு அக்கா இந்த நேரத்திலும் ஜோக் அடிக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சாமி சத்தியமாகக் காத்திருந்தேன். ‘சேச்சே, அவ கிடக்கறா சார், மயக்கம் வந்திருச்சு, அவ்வளவுதான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலம் முழுக்க அதை நம்பிக்கொண்டு இருந்துவிடுவேன்.

அவர் போர்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார். அப்புறம் அதிகாரியைப் பார்த்து, மெதுவாக, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“எழுதிக்கோங்க சார்.”